டேலியாவைச் சுற்றி உப்பு

பெரியகுளத்துக்கு மேலே, மேகங்கள் மூச்சு வாங்கிக்கொள்ள உட்காரும் மேடு ஒன்று உண்டு. அந்த மேட்டில் ஒரு தகரக்கூரை வீடு, வீட்டைச் சுற்றி ஒரு தோட்டம். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவரைத் தோட்டத்துச் சாமி என்றார்கள். அவருக்கு ஒரே ஒரு சீடர்.

சீடருக்கு வயது குருவைவிடக் கூட. அதனால் குரு சீடரை 'அண்ணே' என்பார், சீடர் குருவைச் 'சாமி' என்பார். புதிதாக வருகிறவர்கள் நரைத்த தாடியைப் பார்த்துச் சீடரின் காலில் விழுந்துவிட்டு, எழுந்த பிறகுதான் விவரம் தெரிந்து முழிப்பார்கள். விழுந்தது விழுந்ததுதான், இன்னொரு தரம் சிரமப்பட வேண்டாம் என்று சாமி சொல்லிவிடுவார்.

சீடரின் பெயர் மாசிலாமணி. கம்பம் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தவர். ஞானம் வேண்டி அவர் மலை ஏறவில்லை. அவருடைய ஒரே மகள் கனகவல்லி மலைமேல் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தாள். புரட்டாசி மழையில் அவள் வந்த ஜீப் வளைவில் உருண்டது. காரியமெல்லாம் முடிந்த பிறகு, அவள் வாடகைக்கு இருந்த அறையைக் காலி செய்யப் போனார் மனுஷன். பாத்திரம் பண்டம், துணிமணி எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிட்டு, வாசலில் எண்ணெய் டின்னில் நின்ற டேலியாச் செடியை மட்டும் தூக்கிக்கொண்டு இறங்கினார். மண் சரிந்து பஸ் நின்றுபோயிருந்தது. நடந்தார். மேகத்துக்குள் வழி தவறி, இந்தத் தகரக்கூரை வாசலில் வந்து நின்றார்.

டின்னை இறக்கி வைக்கச் சொன்னார் சாமி. இறக்கவில்லை. சோறு போட்டார். தொடவில்லை. பாதை சரியாகி பஸ் ஓடத் தொடங்கிய பிறகும் மாசிலாமணி இறங்கிப் போகவில்லை. டின்னை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பார். சாமி கஞ்சித்தண்ணீரை நீட்டினால் ரெண்டு வாய் குடிப்பார். அதில்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

ஐப்பசி கடைசியில் ஒரு காலையில் டின் துருப்பிடித்து அடிவிட்டுப்போனது. அன்றுதான் வாயைத் திறந்தார்.

"சாமி, இதை எங்கே நடலாம்?"

சாமி வீட்டுக்குக் கிழக்கே நல்ல வெயில் படுகிற இடத்தைக் காட்டினார். நட்டார்.

இங்கே அந்த மேட்டு நத்தைகளைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். முதுகில் ஓடு இல்லாத ஜாதி அது. சாதாரணமாக விரல் பருமன் இருக்கும், நன்றாகத் தின்றால் முள்ளங்கி பருமன். பகலெல்லாம் கல்லடியில் கிடந்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் பளபளவென்று கோடு இழுத்துக்கொண்டு புறப்படும். ஒரு குளிர்காலத்தில் முட்டைக்கோஸ் பாத்தி முழுவதையும் தின்று முடித்துவிட்டு, அப்போதும் பசி அடங்காமல், கொடியில் காய்ந்த சாமியின் கோவணத்தில் பாதியைத் தின்றன என்பார்கள். கோவணத்தில் பாதி போனால் மீதி எதற்கு ஆகும் என்று சாமியிடம் கேட்கும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை.

நட்ட மறுநாளே டேலியா இலையெல்லாம் சல்லடை. மாசிலாமணி குனிந்து பார்த்தார். தண்டோரத்தில் ஒன்று தின்றுகொண்டே இருந்தது. நிமிர்ந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது. யாரையோ வெகுநாளாகத் தேடி, கடைசியில் ஆளைப் பிடித்துவிட்ட முகம்.

நேரே அடுப்படிக்குப் போய் உப்பு ஜாடியோடு வந்தார். ஒரு சிட்டிகைதான். நத்தை சுருண்டு நுரைத்து அடங்கியது. மிச்ச உப்பை டேலியாவைச் சுற்றி வளையமாகப் போட்டார். அன்று மத்தியானம் தட்டை அவரே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுசோறும் கேட்டார்.

சாப்பிட்டு முடியும்வரை காத்திருந்து சாமி சொன்னார்.

"அண்ணே, இலையைத் தின்னா தின்னுட்டுப் போகட்டும். பனி இறங்கினா இலை எப்படியும் கருகத்தான் செய்யும். கிழங்கு மண்ணுக்குள்ள தூங்கிக்கிட்டு இருந்து, பங்குனியில தன்னால தளிர்க்கும். உப்பு இறங்கினா கிழங்கு போயிரும்."

"சாமி, நான் தென்னை வச்சவன். குழியில உப்பைக் கொட்டித்தான் தென்னம்பிள்ளையை இறக்குவோம். எங்க தோப்பு பூரா உப்புத் தின்னு வளர்ந்த மரம். உப்பு வேரை என்ன செய்யும்னு எனக்கா தெரியாது?"

சாமி கை கழுவத் தண்ணீர் ஊற்றினார்.

கார்த்திகை வந்தது, மார்கழி வந்தது. கீழே தோப்பில் மழையில்லாத நாளில் போட்ட உப்பு போட்டபடியே கிடக்கும். மலைமேல் அப்படியில்லை. பனி அதைக் கரைத்து, விடிவதற்குள் மண்ணுக்குள் கொண்டுபோய்விடும். காலையில் வந்து பார்த்தால் வளையத்தைக் காணோம். திருட்டு நத்தை உப்பையும் தின்னுதா என்று வைதுகொண்டே மாசிலாமணி புது வளையம் போடுவார். சாயங்காலம் சந்தேகத்துக்கு இன்னொன்று.

மலைக்குச் சாமான் ஏற்றுகிறவன் சேசையா. அவன் மட்டக்குதிரை அந்த வீட்டு வாசல் வந்தால் தானே நிற்கும், அத்தனை உப்பு மூட்டை இறக்கியாகிவிட்டது. ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு எதற்கு இவ்வளவு என்று அவன் குடைந்தான். குருவும் சீடரும் சேர்ந்து ஊறுகாய்க் கம்பெனி வைத்திருக்கிறீர்களா, இல்லை, சமுத்திரத்தை மேலே கூப்பிட்டு வைத்துக்கொள்ளப் பார்க்கிறீர்களா என்று கேட்டான். மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு, சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டார். பாத்தியில் குனிந்திருந்த சாமி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

சாமி நத்தையைச் சமாளித்த விதம் வேறு. வெயில் தாழ்கிற நேரத்தில் நனைத்த கோணிச்சாக்குகளைப் பாத்திகளுக்கு நடுவே விரித்துவிடுவார். காலையில் புரட்டினால் நத்தையெல்லாம் அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பானையில் வழித்துப்போட்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். பிறகு மண்ணைக் கொத்தி மேலாகப் புரட்டிவிடுவார். வெளியே தெரிகிற முட்டைகளைக் குருவிகள் பொறுக்கும்.

அது மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை.

"கொண்டுபோய் விட்டா திரும்பி வந்துராதா?"

"வரும்."

"வந்தா?"

"திரும்பக் கொண்டுபோவேன்."

"உங்களுக்கு இதுக மேல கோபமே வராதா சாமி?"

சாமி பானையை இறக்கி வைத்தார்.

"வந்துச்சு அண்ணே. போன வருஷம் ஒருத்தன் இருந்தான். காதில கடுக்கன் போட்ட மாதிரி மச்சம். எத்தனை தரம் ஓடை தாண்டி விட்டாலும் வந்துருவான். கடைசியில பானைச் சவாரி பழகிப்போய், காலையில நான் வர்றதுக்கு முந்தியே சாக்கு மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டு, ஏன் இவ்வளவு நேரம்னு பார்ப்பான். ஒரு நாள் கோபத்தில ஓடையோட தலைப்பு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். அப்புறம் அவன் வரலை."

"ஒழிஞ்சான்."

"அந்தக் குளிர்காலம் பூரா, சாக்கைப் புரட்டுறப்ப எல்லாம் அவனைத் தேடினேன்."

மாசிலாமணி போய் உப்பை அள்ளிக்கொண்டு வந்தார்.

தை பிறந்ததும் வெண்பனி கொட்டியது. மாசிலாமணி தன் கம்பளியை டேலியாவுக்குப் போர்த்திவிட்டு, சாக்குக்குள் முடங்கிப் படுத்தார். அப்படியும் தண்டு கறுத்துத் தொங்கிவிட்டது. பதறிப்போய் ஓடி வந்தவரைக் கூட்டிக்கொண்டு போய், தன் பாத்தியில் வளர்த்த டேலியாக்களும் அதே மாதிரி கருகி நிற்பதைக் காட்டினார் சாமி. அடியோடு நறுக்கிவிட்டு, இனித் தளிருக்குக் காத்திருக்க வேண்டியதுதான் என்றார். மாசிலாமணி நறுக்கினார். வெறும் மண்ணைச் சுற்றி வளையம் போட்டார். தளிர் தலை நீட்டுகிற நேரத்தில் நத்தை முந்திக்கொண்டால் என்ன செய்வது? முன்பைவிட அகலமாகப் போட்டார்.

மாசி போய்ப் பங்குனியில் சாமியின் பாத்தியில் டேலியாக்கள் செக்கச்செவேலென்று முளை விட்டன. கிழக்கே ஒன்றுமில்லை. மாசிலாமணி காலையில் பார்த்தார், மத்தியானம் பார்த்தார். மண்ணோடு காதை வைத்துக்கூடப் பார்த்தார். சித்திரையில் சாமியின் செடிகள் முழங்கால் உயரம் வந்த பிறகு, ஒரு நாள் உட்கார்ந்து, விரலால் மண்ணை விலக்கினார்.

கிழங்கு இருந்த இடத்தில் கறுத்த தோல் இருந்தது. அழுத்தினார். உள்ளே ஒன்றுமில்லை.

விரலில் ஒட்டிய மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தார். கரித்தது.

சாமி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நத்தை இதை விட்டு வச்சிருக்கும்," என்றார் மாசிலாமணி.

"ஆமா அண்ணே."

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஒரு தரம் சொன்னீங்க. நான் கேக்கலை. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை சொல்லலையே சாமி. என் கையில இருந்த உப்பைப் பிடுங்கி எறிஞ்சிருக்கலாம். நான் கிழவன், உங்களை எதிர்த்து என்ன செஞ்சிருப்பேன்? எம் மக கையால வச்சதுன்னு இந்தப் பூமியில மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான்."

சாமி தோலை எடுத்துப் பார்த்தார். எடுத்த இடத்திலேயே வைத்து, மண்ணைத் தள்ளி மூடினார்.

"பிடுங்கணும்னுதான் ஒரு நாள் காலையில வந்தேன். நீங்க குனிஞ்சு வளையம் போட்டுக்கிட்டு, நத்தையை ஏசிக்கிட்டு இருந்தீங்க. என்னைப் பார்த்ததும், பசிக்குது சாமின்னு சொன்னீங்க."

மாசிலாமணி தலையைத் தூக்கவில்லை.

"செடியைக் காப்பாத்த எனக்கு வழி தெரியும் அண்ணே. உப்பைப் பிடுங்கிட்டு அந்தக் கையில வேற எதைக் கொடுக்கிறதுன்னுதான் தெரியலை."