ஆவுடையப்பன் மஞ்சக் கடுதாசி கொடுத்த விதம்

மேலக்கரும்பனூரில் ஆவுடையப்பனைத் தெரியாதவர்கள் கிடையாது. பாதி ஊருக்கு அவர் கடன் பாக்கி. மீதி ஊர் அவர் எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிவிடும்.

கல்யாண வீடுகளுக்கு நாற்காலி வாடகைக்கு விடுவது அவர் தொழில். கூட்டாளிகள் வெளியாட்கள் இல்லை. மனைவி செண்பகவடிவின் தம்பிமார் கொம்பையாவும் உச்சிமாகாளியும்தான். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மூளை என்று ஊரில் பேசுவார்கள். அது அபாண்டம். அந்த ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

கடன் வாங்கிப் புத்தம்புது நாற்காலிகளாக வாங்கி அடுக்கியதும் ஆவுடையப்பன் மச்சினன்மாரிடம், "ஒரு கீறல் விழக் கூடாது, பாத்துக்கிடுங்க" என்றார். பார்த்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கம் காவல் நின்று, ஒருவரையும் உட்கார விடவில்லை. பெண்ணின் தாய்மாமனே நின்றுகொண்டு சீர் செய்துவிட்டுப் போனார். நாற்காலிகள் கீறல் இல்லாமல் திரும்பி வந்தன. வாடகைதான் வரவில்லை.

இப்படியே ஒரு வருஷம் ஓடியதில் கடன் வட்டியோடு சேர்ந்து நாலு லட்சத்தில் வந்து நின்றது. அதில் பாதி, பைனான்ஸ் தர்மராஜ் கொடுத்தது. அவர் ஒருநாள் வாசலில் நின்று, "பணம் வராட்டா வீட்டை எழுதி வாங்காம விட மாட்டேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று செண்பகவடிவு அடுப்பு மூட்டவில்லை. "இந்த வீடும் போச்சுன்னா நான் எங்க போவேன்? கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போகக்கூட வழியில்லையே. அங்க இருந்த ரெண்டும் இங்கதானே கெடக்கு" என்று தம்பிகளைக் காட்டி அழுதாள். மூன்று ஆண்களும் தரையைப் பார்த்தார்கள். எவ்வளவு முட்டாள்களாக இருந்தாலும் அவள் அழுதால் அவர்களுக்குத் தாங்காது. என்ன பாடு பட்டாவது வீட்டைக் காப்பாற்றிவிடுவது என்று முடிவு செய்தார்கள். வீட்டுக்குச் சனி பிடித்தது அப்போதுதான்.

டீக்கடைக்காரர்தான் யோசனை சொன்னார். "பேசாம ஒரு மஞ்சக் கடுதாசியைக் குடுத்துட்டு நிம்மதியா இருப்பீங்களா, அதை விட்டுட்டு." கடனைக் கட்ட முடியாதவன் கோர்ட்டில் திவால் மனு போடுவதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். மூவரும் அந்த மதியமே பஸ் ஏறி, வக்கீல் குற்றாலிங்கத்தின் ஆபீசுக்குப் போனார்கள். வக்கீல் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சார், வீடு போயிருமா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார் ஆவுடையப்பன்.

"அதைக் கோர்ட்டு பாத்துக்கிடும். மொதல்ல ஒண்ணைத் தெரிஞ்சுக்கிடும். எதையும் மறைக்கக் கூடாது. மறைச்சீர்னு தெரிஞ்சா மனு தள்ளுபடி ஆயிரும்."

"துணிமணியெல்லாம் எடுத்துக்கிடுவாங்களா?" இது கொம்பையா.

"உடுத்தியிருக்கிற துணியை எவன் வே கழட்டப் போறான்? அதெல்லாம் தொட மாட்டாங்க."

"கடன் குடுத்தவங்க வாசல்ல வந்து நின்னா?" என்றார் ஆவுடையப்பன்.

"கையை விரிச்சிருங்க."

உச்சிமாகாளி நெடுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டான். "கடுதாசி யாருக்கெல்லாம் சார் போகணும்?"

"கடன் குடுத்த அத்தனை பேருக்கும் போகணும். ஒருத்தரை விட்டாலும் அவரு கடன் அப்படியே நிக்கும்."

"நின்னா உக்காரச் சொல்லிரலாம் சார். நம்மகிட்ட நாற்காலி இருக்கு."

வக்கீல் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். அங்கேதான் தப்புப் பண்ணினார். "அடுத்த வாரம் வாங்க, மனு எழுதி வைக்கேன்" என்று அவர் சொன்னது, பீஸை அப்புறம் தருகிறோம் என்று இவர்கள் மூவரும் ஒரே நேரத்தில் சொன்னதில் அமுங்கிப்போனது.

வீட்டுக்கு வந்ததும் ஆலோசனை நடந்தது.

"எதையும் மறைக்கக் கூடாதுன்னாரு. கதவு என்ன பண்ணுது?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"மறைக்குது அத்தான்."

"சன்னல்?"

"சாத்துனா மறைக்குது."

கதவுகளைக் கழற்றினார்கள். சன்னல் பலகைகளைக் கழற்றினார்கள். கொல்லையில் குளிக்கிற இடத்துக்குக் கட்டியிருந்த ஓலைத் தட்டியையும் பிரித்துப் போட்டார்கள். செண்பகவடிவு தண்ணீர் வாளியோடு போய்ப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தாள். "ஏங்க, அந்த வக்கீல் வீட்டுல யாருமே குளிக்க மாட்டாங்களா?" ஒரு பழைய சேலையையாவது குறுக்கே கட்டிக்கொள்கிறேன் என்றாள். அது வழக்கைப் பாதிக்கும் என்றான் கொம்பையா. அவள் பெருக்குகிற வாரியலை எடுத்தாள். வழக்கைப் பாதிக்காது என்று தீர்ப்பு மாறியது.

அடுத்தது துணி. உடுத்தியிருப்பதைத் தொட மாட்டார்கள் என்றால் உடுத்தாததை எடுத்துக்கொள்வார்கள் என்றுதானே அர்த்தம்? ஆகவே இருந்த வேட்டி சட்டை எல்லாவற்றையும் மூவரும் ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்திக்கொண்டார்கள். ஆவுடையப்பனுக்கு எல்லாவற்றுக்கும் மேலே கல்யாணப் பட்டு வேட்டியும் பட்டுச் சட்டையும் வந்தன. சித்திரை மாத வெயில். வேர்வை வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே சுற்றியது.

அந்த நேரம் பார்த்துத் தர்மராஜ் வந்தார். வழக்கமாக வாசலில் நிற்பவர், வாசலில் கதவையே காணோம் என்றதும் உள்ளேயே வந்துவிட்டார். ஆவுடையப்பன் வக்கீலை மனசில் நினைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் முடிந்தமட்டும் விரித்தார். இரண்டு பக்கமும் மச்சினன்மாரும் விரித்தார்கள்.

தர்மராஜ் திகைத்து நின்றார். பிறகு அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மெல்ல நடந்து வந்து ஆவுடையப்பனின் விரித்த கைகளுக்குள் புகுந்துகொண்டார். "இத்தனை வருசமா வட்டிக்கு விடுதேன் ஓய். கடன் வாங்குனவன் ஒருத்தன்கூட என்னைக் கட்டிப் பிடிக்கணும்னு நினைச்சதில்லை" என்றார். மூன்று பேரையும் முறையாகத் தழுவிவிட்டு, வந்த காரியத்தை மறந்து, மூக்கைச் சிந்திக்கொண்டே போய்விட்டார்.

"வக்கீலுன்னா வக்கீல்தான்" என்றார் ஆவுடையப்பன்.

இனி கடுதாசிதான் பாக்கி. மஞ்சள்பொடியை ஒரு சட்டியில் கரைத்து, முதல் தாளை முழுசாக முக்கி எடுத்தார்கள். தாள் கூழாகிக் கையோடு வந்தது. பெரிய விவாதம் எழுந்தது.

"மஞ்சக் கடுதாசின்னாங்களே தவிர, எவ்வளவு மஞ்சள்னு யாரும் சொல்லலையே" என்றான் உச்சிமாகாளி.

"நாலு மூலையிலயும் தடவுவோம். நடுவுல எழுத இடம் வேணும்லா?" என்றான் கொம்பையா.

"என்ன எழுத?"

அது எங்கே எழுதப்பட்டது, யார் எழுதினார்கள் என்பதில் இன்றைக்கும் அவர்களுக்குள் சண்டை உண்டு. எழுதியது இதுதான்: 'வருகிற வெள்ளிக்கிழமை காலை எங்கள் இல்லத்தில் வைத்து எல்லாம் நல்லபடியாக முடிக்க இருக்கிறோம். தாங்கள் குடும்பத்துடன் வந்திருந்து ஒத்துழைக்க வேண்டுகிறோம்.' ஒருத்தரையும் விடக் கூடாதே என்று கடன் கொடுத்த எல்லாருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பீஸ் பாக்கி இருந்ததால் வக்கீலுக்கும் ஒன்று போனது.

நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய தாள் வீடு தேடி வந்தால் நம் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? "உச்சிமாகாளிக்குக் கடைசியில பொண்ணு கெடைச்சிருச்சு போல" என்றுதான் நினைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஊரே வந்தது. வீடு கதவு, சன்னல் எதுவும் இல்லாமல் வா வா என்று திறந்து கிடந்தது. கடன் நிற்கக் கூடாது என்பதால் முற்றமெங்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். வரலாற்றில் முதல் தடவையாக ஆட்களைக் கெஞ்சிக் கெஞ்சி உட்கார வைத்தார்கள். பட்டு வேட்டியில் பானை மாதிரி உருண்டு திரண்டு வரவேற்ற ஆவுடையப்பனைப் பார்த்தவர்கள், "கடன்ல இருந்தாலும் ஆளு பூரிச்சுப் போயிருக்காருய்யா" என்றார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராக மொய்க் கவரை அவர் கையில் திணித்தார்கள்.

ஆவுடையப்பன் மச்சினன்மாரை ஓரமாக அழைத்தார். "என்னடே இது? கடனைக் கட்ட முடியாதுன்னு கடுதாசி குடுத்தா, மேற்கொண்டு பணம் தாராங்க?"

"சட்டம் அப்படி இருக்கும் அத்தான்" என்றான் கொம்பையா.

முகூர்த்த நேரம் தாண்டியது. தர்மராஜ் எழுந்து, "பொண்ணு எங்க ஓய்?" என்றார்.

"எந்தப் பொண்ணு?"

"கல்யாணப் பொண்ணு!"

"கல்யாணமா? அண்ணாச்சி, இது மஞ்சக் கடுதாசில்லா! நான் திவால் ஆயிட்டேன்" என்று சந்தோஷமாகச் சொன்னார் ஆவுடையப்பன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் என்ன பேசினார்கள் என்பதை எழுத முடியாது. பெண்கள் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்கவில்லை. சத்தம் ஓய்ந்ததும் மொய்யையாவது திருப்பிக் கொடு என்றார்கள். ஆவுடையப்பன் காதைப் பொத்திக்கொண்டார். "மொய்யைச் சும்மா திருப்பிக் குடுத்தா உங்களுக்குத்தான் மரியாதைக் குறைச்சல். உங்க வீட்டு விசேஷத்துக்கு வந்து முறையாச் செய்வேன்." நீட்டிய கைகளை எல்லாரும் மடக்கிக்கொண்டார்கள். அதுதான் முறை.

வக்கீல் குற்றாலிங்கம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தர்மராஜ் அவரிடம், "கோர்ட்டுக்குப் போனா எங்க பேரப்பிள்ளைங்க காலத்துலதான் முடியும். இங்கயே வச்சு வீட்டை ஏலம் போடும். வர்றதைப் பிரிச்சுக்கிடுதோம்" என்றார். எல்லாரும் ஆமாம் போட்டார்கள். வக்கீல் ஆவுடையப்பனிடம் விளக்கினார். "யாரு கூடுதலாக் கேக்காங்களோ அவங்களுக்குத்தான் வே வீடு. நீரும் கேக்கலாம்."

உள்ளே இருந்து செண்பகவடிவின் குரல் வந்தது. "வீட்டை மட்டும் விட்டுராதீங்க!" அவள் அழுகிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. மூன்று பேர் காதிலும் அது தனித்தனியாக விழுந்தது.

"ஒரு லட்சம்" என்று ஆரம்பித்தார் தர்மராஜ்.

"ஒண்ணேகால்!" என்றார் ஆவுடையப்பன்.

"ஒண்ணரை!" என்றான் கொம்பையா.

"ரெண்டு!" என்றான் உச்சிமாகாளி.

தர்மராஜ் மேலே கேட்க வாயைத் திறந்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையில் கிள்ளினார். அவரும் புரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டார்.

"ரெண்டரை!" என்று கத்திவிட்டு ஆவுடையப்பன் மச்சினன்மார் பக்கம் திரும்பினார். "நீங்க யாருக்குடே கேக்கீங்க?"

"உங்களுக்குத்தான் அத்தான்."

"நானும் எனக்குத்தானே கேக்கேன்?"

"அதுக்காக ஏலத்துல விட்டுக் குடுக்க முடியுமா? மூணு!" என்றான் கொம்பையா.

அது நியாயமாகத்தான் பட்டது. அப்புறம் மூவரும் ஒருவருக்கொருவர் சளைக்காமல் கேட்டார்கள். கடன் கொடுத்தவர்கள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு லட்சத்தைத் தாண்டியபோது ஒருவர் கைதட்டிவிட்டார். நாலே முக்காலில் மச்சினன்மாருக்குத் தொண்டை கட்டிப்போனது. களத்தில் ஆவுடையப்பன் மட்டும் நின்றார். சுற்றிலும் ஒருமுறை சந்தேகத்தோடு பார்த்துவிட்டு, "அஞ்சு லட்சம்!" என்றார்.

"உம்ம நாலே முக்காலே கூடுதலால்லா நிக்கி? யாரு மேல வே கேக்கீரு?" என்றார் வக்கீல்.

"எவனும் மிஞ்சிரக் கூடாதுல்லா சார்."

வீடு ஐந்து லட்சத்துக்கு ஆவுடையப்பனுக்கே முடிந்தது. கையில் மொய்ப்பணத்தைத் தவிரக் காசு இல்லையே என்று அவர் விழித்தபோது, தர்மராஜ் வந்து தோளில் கை போட்டார். "நான் எதுக்கு ஓய் இருக்கேன்? அஞ்சையும் நான் தாரேன். வீட்டுப் பத்திரத்தை மட்டும் என்கிட்ட வச்சிரும்." ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொரு தடவை கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, செண்பகவடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "ஏங்க, வீடு?"

"நம்மதுதான்! அஞ்சு லட்சம் பெறுமாம். இத்தனை நாளும் தெரியாமப் போச்சு."

"கடன்?"

"பழைய கடன் ஒரு பைசா கிடையாது. இருக்கிறது பூராவும் புதுசு."

"அதுமட்டுமில்லக்கா" என்றான் கொம்பையா, கட்டிய தொண்டையோடு. "அஞ்சு லட்சத்துல நாலு கடனுக்குப் போச்சுல்லா? மிச்சம் ஒரு லட்சம் வீட்டுக்காரருக்குச் சேரணும்னு வக்கீலே சொல்லிட்டாரு. அத்தானுக்கு ஒரு லட்சம் லாபம்!"

செண்பகவடிவுக்கு அன்றைக்கு முதல் தடவையாக முகம் கொஞ்சம் தெளிந்தது. "அந்த ஒரு லட்சத்தைக் குடுங்க, நான் வச்சுக்கிடுதேன்."

"அது தர்மராஜ் அண்ணாச்சி பெட்டியில பத்திரமா இருக்கு" என்றார் ஆவுடையப்பன். "அவரே வச்சுக்கிடுதேன்னு சொல்லிட்டாரு. மாசாமாசம் அதுக்கு ஒரு வாடகை மட்டும் நாம குடுத்தாப் போதும்."

"நம்ம பணத்துக்கு நாம வாடகை குடுக்கணுமா?"

மூவரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "வடிவு, நீ தொழில் தெரியாதவ. அடுத்தவங்க பெட்டியில போயி நம்ம பணம் உக்காந்திருக்கு. உக்காந்தா வாடகை குடுக்கத்தானே செய்யணும்?"

"அந்த வாடகைக்கு எங்க போவீங்க?"

"எங்கயும் போக வேண்டாம்" என்றார் ஆவுடையப்பன் பெருமையாக. "அதையும் மாசாமாசம் அவரே கடனாத் தாரேன்னுட்டாரு. தங்கமான மனுசன்!"