தூக்குச்சட்டியில் வந்த நாற்பது வோல்ட்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவர், எங்கள் பள்ளியில் இயற்பியல் நடத்திய எஸ்தர் புஷ்பம் டீச்சர். மிகைப்படுத்திப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை; ஆகவே நானும் எதையும் கூட்டவில்லை.

மந்தமங்கலத்தில் மாசானம், சுடலைக்கண்ணு, பிச்சுமணி என்ற மூவர் ஒரு பட்டறை நடத்தினார்கள். பூசை நேரத்தில் முரசும் மணியும் தாளமும் தாமாகவே ஒலிக்கும் மின்இயந்திரம் செய்வது அவர்கள் தொழில். முதல் இயந்திரம் உள்ளூர் அம்மன் கோயிலுக்கு. வெள்ளிக்கிழமை மாலை தீபாராதனைக்கு அது ஒலித்தால் வைத்துக்கொள்வதாகவும், ஒலிக்காவிட்டால் அப்போதே தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்றும் தர்மகர்த்தா உலகநாதன் சொல்லிவிட்டார். திரும்பி வந்தால் பட்டறையை மூட வேண்டியதுதான். மூவருக்கும் வேறு தொழில் தெரியாது. இந்தத் தொழிலும் தெரியாது என்பது ஊரில் ஒரு சாராரின் கருத்து.

இயந்திரத்துக்குள் ஒரு சிறிய கணினிச் சில்லு இருந்தது. மோட்டாருக்கு எப்போது எவ்வளவு மின்னழுத்தம் தரவேண்டும் என்பதை அதிலுள்ள நிரல் கவனித்துக்கொள்ளும். அதை எழுதித் தந்த கோவில்பட்டிப் பொறியாளர் செண்பகம், நிரல் நடந்துகொள்ளும் முறையை விளக்கினார். வேகத்தைக் கூட்டுமுன் வோல்டேஜைக் கூட்ட வேண்டும். குறைக்கும்போது முதலில் வேகம், பிறகே வோல்டேஜ். முரசு, மணி, தாளம் மூன்றுக்கும் மின்வழி ஒன்றே. ஆகையால் எல்லாரிடமும் தேவை தீர்ந்ததா என்று கேட்காமல் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. இவற்றையெல்லாம் நிரலே செய்துவிடும் என்று அவர் முடித்தபோது, மூவரும் காபி குடிக்கப் போயிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் ஒத்திகை பார்த்தார்கள். இயந்திரம் முழங்கியது. நிறுத்தும் நேரம் வந்ததும், பிச்சுமணி முரசின் அருகே குனிந்து, தேவை தீர்ந்ததா என்று பணிவாகக் கேட்டான்.

"என்னலே சொல்லுது?" என்றான் மாசானம்.

"ஒண்ணும் சொல்லல. டம் டம்முங்குது."

"அப்ப இன்னும் வேணும்போல. துண்டிச்சிராத."

மூன்று மணிக்கு மின்தடை வந்து, யாரையும் கேட்காமலேயே அதை நிறுத்தியது. மூவரும் அதை மரியாதைக் குறைவாகக் கருதினார்கள்.

மாலையில் மின்சாரம் திரும்பியது. தெருவெங்கும் விளக்கேற்றினார்கள். இயந்திரமோ சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது. மீட்டரில் நூற்றுத் தொண்ணூறு வோல்ட். பூசாரி கற்பூரத்தட்டைத் துடைக்கத் தொடங்கியிருந்தார். செண்பகத்துக்குத் தொலைபேசினார்கள். இருநூற்று முப்பது வந்தாலன்றி நிரல் மோட்டாரை எழுப்பாது, எழுப்பினால் மோட்டார் கெட்டுவிடும் என்று சொன்ன அவர், குறைகிற நாற்பதைப் பக்கத்தில் நல்ல லைன் உள்ள இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

பக்கத்தில் இருந்தது தங்கப்பழம் அண்ணாச்சியின் ரைஸ்மில். பிச்சுமணி ஒரு தூக்குச்சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டான். அண்ணாச்சி ஆசாரமானவர். விளக்கு வைத்த பிறகு உப்போ தயிரோ ஊசியோ அவர் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. தாண்டினால் லட்சுமியும் உடன் கிளம்பிவிடுவாளாம்.

"நாப்பதே நாப்பதுதான் அண்ணாச்சி. மிச்சம் நூத்தித் தொண்ணூறு எங்ககிட்டயே இருக்கு," என்றான் மாசானம்.

"நாலு கேட்டாலும் கிடையாதுடே. விளக்கு வச்சாச்சு."

சுடலைக்கண்ணு நெடுநேரம் யோசித்தான். "விளக்க அணைச்சிட்டா, வைக்காத மாதிரிதான அண்ணாச்சி?"

அண்ணாச்சியும் யோசித்தார். "நான் மட்டும் அணைச்சாப் போதுமா? லட்சுமி தெருவழியாத்தான வருவா. தெருவுல வச்சிருக்கானுவளே."

நியாயம் என்று மூவருக்கும் பட்டது. வீடு வீடாக ஓடினார்கள். கோயில் காரியம் என்றதும் ஊரார் மறுப்புச் சொல்லாமல் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டார்கள். தெரு முழுவதும் இருண்டது. அண்ணாச்சி வாசலில் நின்று இருபுறமும் பார்த்துவிட்டு, "இப்ப எடுத்துக்கோ. நாளைக்கு வெளிச்சத்துல திருப்பிரணும்," என்றார்.

பிச்சுமணி மில்லின் மீட்டர் பெட்டிக்குக் கீழே தூக்குச்சட்டியைச் சற்று நேரம் பிடித்தான். பிறகு மூடி, சிந்தாமல் கோயிலுக்கு நடந்தான். இயந்திரத்தின் அருகே வைத்துத் திறந்தான். மீட்டரில் இருநூற்று முப்பது.

ஊரே அணைத்துவிட்டதால் மின்னழுத்தம் தானாக ஏறியது என்பது எஸ்தர் டீச்சரின் விளக்கம். மந்தமங்கலத்தில் அதை ஒருவரும் ஏற்பதில்லை.

முரசு முழங்கியது. இருளில் கற்பூர ஒளி ஒன்றே எரிய, அம்மன் முகம் அன்றுபோல் என்றும் துலங்கியதில்லை. தர்மகர்த்தா கண்களைத் துடைத்துக்கொண்டு, இயந்திரம் இங்கேயே இருக்கட்டும் என்றார். பிச்சுமணி மீண்டும் முரசிடம் குனிந்து கேட்டான். அவன் தலை தம் கற்பூரத்தட்டில் இடித்ததால், "போதும்பா," என்றார் பூசாரி. உடனே மாசானம் வேகத்தைக் குறைத்தான். பிறகே சுடலைக்கண்ணு தெருவுக்கு ஓடி, வோல்டேஜைக் குறைக்கும்பொருட்டு எல்லாரையும் விளக்கேற்றச் சொன்னான். மீட்டர் நூற்றுத் தொண்ணூறுக்கு இறங்கியது.

"நாப்பதும் செலவாயிட்டு," என்றான் பிச்சுமணி, சட்டிக்குள் பார்த்து.

மறுநாள் வெயில் ஏறியதும் கடனை அடைக்கப் புறப்பட்டார்கள். டார்ச் செல் ஒவ்வொன்றிலும் ஒன்றரை வோல்ட் என்று எழுதியிருந்தது. இருபத்தாறு வாங்கினால் முப்பத்தொன்பது. இருபத்தேழாகக் கொடுத்தால் அரை வோல்ட் கூடுதல்; தாம் வட்டி வாங்குகிற ஆள் இல்லை என்று அண்ணாச்சி திருப்பி அனுப்பிவிட்டார். ஊரெல்லாம் தேடி, ஓடி ஓய்ந்த ஒரு சுவர்க்கடிகாரத்தின் செல்லைக் கழற்றி அளந்தார்கள். சரியாக ஒன்று காட்டியது. அண்ணாச்சி எல்லாவற்றையும் தூக்குச்சட்டியிலிருந்து சிந்தாமல் தம் அரிசிப்பானைக்குள் கவிழ்த்துக்கொண்டு, கடன் தீர்ந்தது என்றார்: நாற்பது வோல்ட்.