'ஆச்சுங்க' என்று சொன்ன புரோகிராம்

ஈரோட்டில் நிலோபர் என்றொரு டீச்சர் இருந்தார். புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுப்பார். அவரிடம் படிக்க வந்த சென்னியப்பன் வயதில் அவரைவிட மூத்தவர். அதனால் சென்னியப்பனுக்கு அவர் 'டீச்சர்'; டீச்சருக்கு இவர் 'அண்ணா'.

ஒரு மருத்துவமனையில் பச்சைக் குழந்தைகள் வார்டுக்கென்று சென்னியப்பன் ஒரு புரோகிராம் எழுதினார். எந்தக் குழந்தைக்கு எப்போது மருந்து கொடுத்தது என்று நர்ஸ் தட்டினால், அது கோப்பில் பதிந்துகொள்ளும். மறுநாள் வார்டுக்குப் போக வேண்டியது. டீச்சரிடம் காட்ட எடுத்துவந்தார்.

"நம்மூர் ஆளுக மாதிரியே பேசுமுங்க டீச்சர். தட்டினதும் 'ஆச்சுங்க'ன்னு சொல்லும்."

"கோப்புல எழுத முடியலைன்னா?"

"அப்பவும் அதேதானுங்க. முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிப் பழக்கமில்லீங்களே. நர்ஸம்மா வேற பயந்துக்குவாங்க."

நிலோபர் அவர் கொண்டுவந்த கணினியைத் தன் பக்கம் திருப்பினார். அந்தக் கணினியில் துளி இடம் மிச்சமில்லாதபடி சினிமாப் படங்களாக ஏற்றி நிரப்பினார்.

"இப்ப மருந்து கொடுங்கண்ணா."

'மூன்றாம் தொட்டில், மருந்து கொடுத்தாயிற்று' என்று சென்னியப்பன் தட்டினார். 'ஆச்சுங்க' என்றது திரை.

நிலோபர் எழுந்து வெளியே போனார். கதவைத் திறந்துகொண்டு திரும்ப உள்ளே வந்தார்.

"நான் அடுத்த ஷிப்ட் நர்ஸ். மூணாம் தொட்டில் பாப்பாவுக்கு மருந்து ஆச்சா?"

கோப்பைத் திறந்தார். மூன்றாம் தொட்டிலுக்கு நேரே ஒன்றுமில்லை.

"அடடா, கொடுக்கலை போலிருக்கே." மேசைமேல் கிடந்த பேனாவை ஊசிபோலப் பிடித்துக் குனிந்தார்.

"ஐயோ, வேண்டாமுங்க!" சென்னியப்பன் எழுந்தே விட்டார்.

நிலோபர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பின்னே எப்படித்தான் எழுதறதுங்க?" என்றார் சென்னியப்பன்.

நிலோபர் இன்னொரு கணினியில் தன் புரோகிராமை ஓடவிட்டார். பதிவுகள் மளமளவென்று கோப்பில் இறங்கின.

"ஒயரைப் பிடுங்குங்க."

"எழுதிட்டிருக்குதுங்களே!"

"அதனாலதான்."

பிடுங்கினார். திரை இருண்டது. மறுபடி உயிர் கொடுத்துப் பார்த்தால், கோப்பு முழுசாக இருந்தது. ஒரு வரிகூடப் பாதியில் அறுபடவில்லை. திரும்பவும் பிடுங்கினார். முழுசு. நம்பாமல் இன்னொரு தடவை. முழுசு.

செருப்பை எப்போது கழற்றி ஓரமாக விட்டார் என்று சென்னியப்பனுக்கே தெரியவில்லை.

"எப்படிங்க டீச்சர்?" குரல் இறங்கியிருந்தது.

"பழைய கோப்பைத் தொடறதே இல்லைங்கண்ணா. பக்கத்துலயே புதுசா ஒண்ணு முழுக்க எழுதுவேன். நிஜமா உள்ள இறங்கிடுச்சான்னு கணினிகிட்டயே கேட்பேன். ஆமான்னு பதில் வந்தாத்தான், பழசோட பேரைப் புதுசுக்கு வைப்பேன்."

"பதில் வரலைன்னா?"

"பழசு அப்படியே இருக்கும். 'எழுத முடியலை'ன்னு திரை முழுக்கச் சிவப்பா வரும். மணியும் அடிக்கும்."

"நர்ஸம்மா பயந்துருவாங்களே!"

"பயப்படட்டும்ங்கண்ணா. பயந்தா, எந்திரிச்சுப் போய்க் குழந்தையைப் பார்ப்பாங்க."