இரண்டு கிலோ

ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு கத்தி இருந்தது. முப்பது வருஷ சர்வீஸ். வயிற்றைத் திறந்து இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாயான பெருநாடிக்கு வழி காட்டுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. யார் வந்தாலும் முதலில் கத்தியைத்தான் கேட்பார்கள். அது முடியாது என்றால் பேச்சு அதோடு முடிந்தது. அங்கே வழக்கம் அப்படி.

பக்கத்துத் தட்டில் ஒரு மெல்லிய குழாய், பிரிக்காத உறைக்குள் ஆறு மாதமாகக் கிடந்தது. தொடையிடுக்கில் சின்னத் துளை போதும் அதற்கு. ரத்தக்குழாய் வழியாகவே ஏறிப்போய், வீங்கிய இடத்துக்கு உள்ளே ஒரு சட்டை மாட்டிவிட்டுத் திரும்பிவிடும். கத்தி அதைச் சந்தில் நுழைகிற பயல் என்று கூப்பிடும்.

ஒருநாள் மாசிலாமணி வந்தார். ரிட்டயர்டான பஸ் கண்டக்டர். வயது எண்பத்திரண்டு, எடை முப்பத்தெட்டு. வயிற்றுக்குள் பெருநாடி பெரிய எலுமிச்சை அளவுக்கு வீங்கித் துடித்துக்கொண்டிருந்தது.

தான் தொட்டால் மேஜையிலேயே போய்விடுவார் என்று கத்திக்குத் தெரிந்தது. அது நிஜம்தான். குழாயால் முடியும் என்பதும் தெரிந்தது. அதை மட்டும் சொல்லவில்லை.

"உடம்பு தேறட்டும். ரெண்டு கிலோ ஏறினால் நானே பார்த்துக்கொள்கிறேன்."

குழாய் தயங்கியது. "அண்ணே, அதுவரை வீக்கம் வெடிக்காமல் பொறுக்குமா? நான் வேண்டுமானால்..."

"உன்னை யாராவது கேட்டார்களா?"

கேட்கவில்லை. குழாய் சுருண்டு படுத்துக்கொண்டது.

மாசிலாமணி வீட்டுக்குப் போய் முட்டையும் உளுந்தங்கஞ்சியுமாக விழுங்கினார். முட்டை அவருக்கு ஆகாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றார். அவரோடு சேர்ந்து வீக்கமும் வளர்ந்தது. அதை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து வந்து எடை மெஷினில் ஏறினார். நாற்பது. மகளைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியா தமயந்தி? இனிமே என்னை அரை டிக்கெட்னு சொல்லாதே. ஃபுல் டிக்கெட்டு."

இறங்கக் காலை எடுத்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார்.

ஓடிவந்து கத்தியைத்தான் எடுத்தார்கள். ஒரே கோடு, துளி பிசகில்லை. உள்ளே எங்கு பார்த்தாலும் ரத்தம்.

கழுவித் தட்டில் வைத்தார்கள். வெளியே தமயந்தி அழுவது கேட்டது. கத்திக்குச் சும்மா கிடக்க முடியவில்லை.

"ரெண்டு கிலோ ஏறித்தானே வந்தார்" என்றது.

குழாயின் உறையை இன்னும் யாரும் பிரிக்கவில்லை.