குஞ்சிதபாதம் கவிழ்த்த கப்பல்கள்

யுத்த காலத்தில் முனைக்குடிக் கடற்கரையில் விசிலும் கம்புமாகக் காவல் நின்றவர்களில் உயிரோடு மிஞ்சியது இரண்டே பேர். ஒருவர் தாவூது மரைக்காயர். கயிற்றுக்கடை வைத்தவர். முழம் போட்டு அளந்து விற்ற பழக்கத்தில் பேச்சையும் அளந்துதான் பேசுவார். இன்னொருவர் குஞ்சிதபாதம். சைக்கிள் கடை வைத்திருந்தவர். காற்றடிக்கிற வேலை. கடையை மூடிப் பல வருஷம் ஆன பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை.

அந்த உள்ளூர்ப் படைக்காரர்களுக்கும் பென்ஷன் கொடுக்கலாம் என்று, எல்லாரும் கிழவராகிப் பாதிப் பேருக்கு மேல் போய்ச் சேர்ந்த பிறகு, சர்க்காருக்குத் தோன்றியது. விசாரிக்கத் திலகவதி என்று ஒரு தாசில்தாரம்மா வந்து ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்தார். கூட நின்றவர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் இவருக்கு அவர் சாட்சி, அவருக்கு இவர் சாட்சி.

போகிற வழியிலேயே மரைக்காயர் படித்துப் படித்துச் சொன்னார்.

"பாதம், உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன். நின்னேன்னு சொல்லு. பாத்தேன்னு சொல்லு. அதோட வாயை மூடிக்க."

"வேற என்னத்தச் சொல்லப் போறேன், மரைக்காரே?"

"என்னத்தச் சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். மருமவன் வீட்டுல ஒரு டீ வேணும்னாக்கூட நாலு தடவ இருமிட்டுத்தானே கேக்குறே. அதை மட்டும் மனசுல வச்சுக்க."

குஞ்சிதபாதம் பதில் பேசாமல் நடந்தார். அப்படி நடப்பது அபூர்வம். மரைக்காயருக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

ரேஷன் கார்டுக்காகக் காத்திருந்த கூட்டம் சுவரோரமாக உட்கார்ந்திருந்தது. முதலில் மரைக்காயரைக் கூப்பிட்டார்கள்.

"என்ன வேலை பாத்தீங்க ஐயா?"

"காக்கி டவுசரும் தொப்பியும் குடுத்தாங்கம்மா. ஒரு கம்பு, ஒரு விசில். சவுக்குத் தோப்பு மேட்டுல நிக்கணும். ஜப்பான்காரன் கப்பல் வந்தா ஊதணும்."

"வந்துச்சா?"

"வரலை."

"அப்ப ஊதலை."

"ஊதலைம்மா."

கூட நின்றாரா என்று குஞ்சிதபாதத்திடம் கேட்டுக்கொண்டு, தாசில்தாரம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். மரைக்காயர் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு முழம் கயிறு அளக்கிற நேரத்துக்குள் தன் வாலிபம் முழுவதும் பேசி முடிந்துவிட்டதே என்று மனசில் ஏதோ உறுத்தியது.

அடுத்தது குஞ்சிதபாதம். தாசில்தாரம்மாவுக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாமல்தான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"நீங்களும் இவர் மாதிரி சும்மா நின்னீங்க. அப்படித்தானே?"

"சும்மாவா?" என்றார் குஞ்சிதபாதம்.

மரைக்காயர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சும்மா நிக்க நான் என்ன லைட் கம்பமாம்மா? இவரு பார்வை பத்து கஜத்துக்கு மேல போகாது. கப்பல் வந்தது இவருக்கு எப்படித் தெரியும்? நான் பாத்தேன். அந்தமானைத் தாண்டி வரும்போதே பாத்துட்டேன். எடுத்தேன் விசிலை, ஒரே ஊது. அந்தக் காத்துல கப்பலோட புகை அப்படியே திரும்பி, வந்த குழாய்க்குள்ளயே போயிருச்சு. கப்பலுக்கு மூச்சு முட்டிருச்சு. இருமிச்சு பாருங்க, இங்க கரையில வலையெல்லாம் ஆடுச்சு. இருமி இருமியே முழுகிப்போச்சு. அதைத் தேடிக்கிட்டு இன்னொண்ணு வந்துச்சு. அதைத் தேடிக்கிட்டு மூணாவது. எல்லாத்துக்கும் அதே ஊதுதான்."

"முதல்ல ஒரு கப்பல்தாம்மா இருந்துச்சு" என்றார் மரைக்காயர் பெஞ்சிலிருந்தபடியே. "இவன் கல்யாணத்தப்ப ரெண்டாச்சு. சைக்கிள் கடை வச்சப்பறம்தான் மூணு."

சுவரோரம் சிரிப்பு எழுந்தது. நாலு பேர் சிரித்துவிட்டால் குஞ்சிதபாதத்துக்கு அது போதும். நாற்காலியை இழுத்துக் கூட்டத்தின் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"கப்பல்ல வந்தா ஆகாதுன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்பறம் தண்ணிக்கு அடியில வந்தான். நான் அலையில கால் நனைச்சுக்கிட்டு நிக்கிறேன். பக்கத்துல புடலங்கா மாதிரி ஒரு குழாய் எட்டிப் பாக்குது. நுனியில கண்ணாடி. நீர்மூழ்கிக் கப்பல். நான் சத்தமே போடலை. தலைப்பாகையை அவுத்து அந்தக் கண்ணாடி மேல இறுக்கிக் கட்டிட்டேன். உள்ள இருந்த கேப்டன் பாத்தான். ஒரே இருட்டு. சரி, பொழுது போயிருச்சுன்னு எல்லாரையும் படுக்கச் சொல்லிட்டான். முழிச்சு எழுந்து பாத்தான். இன்னும் இருட்டு. திரும்பப் படுத்தான். யுத்தம் முடிஞ்சப்பறம்தான் நான் போயித் துணிய அவுத்தேன்."

"அதுவரைக்கும் சோத்துக்கு என்ன பண்ணினாங்க?" என்று கேட்டாள் செம்பாயி. மீன் விற்கிறவள். ரேஷன் கார்டில் பேர் சேர்க்க வந்தவள்.

"தூங்கிக்கிட்டு இருக்கிறவனுக்கு எதுக்கும்மா சோறு?"

"நமக்குக் குடுத்தது தொப்பிதான். தலைப்பாகை ஏது?" என்றார் மரைக்காயர்.

"உமக்குத் தொப்பி. என் தலை அளவுக்கு அவங்ககிட்ட தொப்பி இல்ல."

"வேண்டாம் பாதம், நிறுத்து" என்று மரைக்காயர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். தாசில்தாரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டதை அவர் பார்த்துவிட்டார். குஞ்சிதபாதம் அதையெல்லாம் பார்க்கிற நிலையில் இல்லை.

"கடைசியா ஆகாசத்துல வந்தான். ஏரோப்ளேன். பனைமர உசரத்துல வருது. நான் வீச்சு வலையைத் தூக்கிட்டு மரத்துல ஏறிட்டேன். சுழட்டி வீசினேன். இறக்கை ரெண்டும் வலைக்குள்ள. மடவை மீன் மாதிரி துள்ளுது. மெதுவா இழுத்து மணல்ல போட்டேன். உள்ள ஒரு சின்னப் பய, முகமெல்லாம் வாடிப்போயி இருந்தான். பழைய சோறும் சுட்ட கருவாடும் குடுத்தேன். சாப்பிட்டுட்டு அழுதான். போய் உங்க ராஜாகிட்ட சொல்லு, இந்த ஊர்ப்பக்கம் குண்டு போடக் கூடாதுன்னு சொல்லி, நானே தள்ளிவிட்டு ஏத்தி அனுப்பினேன். பொய்யின்னா சொல்லுங்க. நம்ம முனைக்குடியில இன்னிக்கு வரைக்கும் ஒரு குண்டு விழுந்திருக்கா?"

செம்பாயி யோசித்துப் பார்த்துவிட்டு, "விழலைதான்" என்றாள்.

தாசில்தாரம்மா முகத்தில் சிரிப்பைக் காணோம். குரல் மட்டும் ரொம்ப மரியாதையாக வந்தது.

"ஐயா, இதெல்லாம் உண்மைன்னா விஷயம் என் கையில இல்ல. சும்மா நின்னவங்களுக்குக் குடுக்கத்தான் எனக்கு அதிகாரம். கப்பலைக் கவுத்தவர், ப்ளேனைப் புடிச்சவர்னா டில்லிக்கு எழுதணும். டில்லி ஜப்பானைக் கேக்கும். கப்பல் போனது வாஸ்தவம்தான்னு ஜப்பான் ஒத்துக்கிட்டா, உங்களுக்குப் பெரிய பென்ஷனே வரும். எப்ப வரும்னு சொல்ல முடியாது. என்ன எழுதட்டும்? நின்னாருன்னு எழுதவா, கவுத்தாருன்னு எழுதவா?"

குஞ்சிதபாதம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருமல் வருகிற மாதிரி தொண்டை ஒரு தடவை அசைந்தது. வரவில்லை.

"நின்னேம்மா" என்றார்.

"சும்மாதானே?"

"சும்மாதான்."

மரைக்காயரும் எழுந்து நின்று, ஆமாம், கூட நின்றார் என்று சாட்சி சொன்னார். தாசில்தாரம்மா கையெழுத்துப் போட்டார். காரியம் முடிந்தது. மரைக்காயர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

அவருக்குச் சவுக்குத் தோப்பு ஞாபகம் வந்தது. அந்த ஐப்பசி மழையில் அவருக்குக் குளிர் காய்ச்சல். காவலில் தூங்கினால் ஊரறிய உடுப்பைக் கழற்றிக்கொண்டு விரட்டிவிடுவார்கள். வாப்பா முகத்தில் முழிக்க முடியாது. கண் செருகிக்கொண்டு போனபோது பக்கத்தில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தவன், "மரைக்காரே, தூங்காதே, அந்தக் கப்பல் இருமின கதையைக் கேளு" என்று ஆரம்பித்தான். அப்படி ஒரு கப்பல் அதற்கு முன்னால் கிடையாது. விடிகிற வரைக்கும் அது இருமியது. மரைக்காயர் சிரித்துச் சிரித்து விழித்திருந்தார். விடிந்ததும் உடுப்பு உடம்பிலேயே இருந்தது. பிறகு எத்தனையோ முறை அவர் அந்தக் கதையைப் பொய் என்று சொல்லியிருக்கிறார். யாருக்காகச் சொன்ன பொய் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

குஞ்சிதபாதம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் போனார். நிலைப்படியில் நின்று திரும்பினார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேம்மா. கப்பல் கவுந்தது பொய் இல்ல. கவுத்தது நான் இல்ல, அவ்வளவுதான். மூணையும் கவுத்தது மரைக்காயரு. அடக்கமான மனுஷன். தானா வெளியில சொல்ல மாட்டாரு."

கூட்டம் மொத்தமும் மரைக்காயரைத் திரும்பிப் பார்த்தது. செம்பாயி வாயில் கை வைத்துக்கொண்டாள். தாசில்தாரம்மா மரைக்காயரின் காகிதத்தைத் தேடி எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

"என்ன ஐயா, இதை நீங்க சொல்லவே இல்லையே?"

பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோயிற்று. சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தைதான். மரைக்காயர் வாயைத் திறந்தார். எதிரே குஞ்சிதபாதம், சரக்கெல்லாம் விற்றுத் தீர்ந்த கடை மாதிரி, வெறுமனே நின்றுகொண்டிருந்தார். அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மரைக்காயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மூணு இல்லம்மா. ரெண்டுதான். மூணாவது தப்பிச்சுப் போயிருச்சு."

"அப்ப உங்க பேப்பரும் டில்லிக்குத்தான் போகணும்."

"அதுக்கு அவசியம் இல்லம்மா" என்றார் மரைக்காயர், ஒவ்வொரு வார்த்தையாக அளந்து. "அது டூட்டியில செஞ்சது இல்ல. லீவுல இருந்தப்ப செஞ்சது."