கூடுதல் சுருதியைச் சிறையில் போட்ட கதை

வில்லவராயர் என்று ஒரு ராஜா இருந்தார். அவருக்குக் கோபம் வரக் காரணமே வேண்டாம். இந்த முறை காரணமும் கிடைத்துவிட்டது.

அரண்மனை யாழில் பன்னிரண்டு தந்திகள். அதற்குச் சுருதி சேர்ப்பவள் அழகாச்சி. முதல் தந்தி ச. அதற்கு ஒரு பஞ்சமம், அதாவது ஐந்தாம் சுரம், அந்தப் பஞ்சமத்துக்கு ஒரு பஞ்சமம் என்று பன்னிரண்டு படி ஏறினால் மறுபடி ச-வுக்கே வந்து சேரவேண்டும். வந்தது. ஆனால் ஒரு நூல் தூக்கலாக வந்தது.

இவளுக்குக் கை சுத்தமில்லை என்று ஆஸ்தான வித்வான் நாதமாணிக்கம் ராஜாவின் காதில் ஓதினார். தேவலோகத்தில் சேர்த்தாலும் கணக்கில் அந்த ஒரு நூல் மிஞ்சத்தான் செய்யும் என்றாள் அழகாச்சி. ராஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம் உத்தரவில்லாமல் தம் நாட்டில் ஒரு சுருதி கூடுதலாக நடமாடுவதா?

"நாளை சபை கூடுவதற்குள் அதைப் பிடித்துச் சிறையில் போடவேண்டும். இல்லாவிட்டால் அதற்குப் பதிலாக இவள் போவாள்" என்றார். படைத்தலைவர் உடனே யாழைச் சுற்றி வலை விரித்தார்.

பிடிக்கும் வேலை மந்திரி எட்டியப்பன் தலையில் விழுந்தது. அந்தக் கூடுதல் சுருதியை ஒழிக்க வழியே இல்லையா என்று அழகாச்சியைக் கேட்டார். ஒழிக்க முடியாது, பன்னிரண்டாகப் பிரித்து ஒவ்வொரு பஞ்சமத்திலும் துளி இறக்கிவிட்டால் கடைசியில் ச சரியாக வந்து சேரும் என்றாள்.

"ஆனா வித்வான் காதுக்குத் தப்பாதுங்க ஐயா."

"தப்பவே வேண்டாம், நீ சேர்" என்றார் எட்டியப்பன்.

மறுநாள் சபையில் ச கச்சிதமாக வந்து சேர்ந்தது. ராஜா மீசையைத் தடவினார். நாதமாணிக்கம் துள்ளி எழுந்தார்.

"மோசடி, மகாராஜா. ஒவ்வொரு பஞ்சமத்திலும் ஏதோ இடறுகிறது."

"இடறத்தான் செய்யும்," என்றார் எட்டியப்பன். "உள்ளே ஆள் இருக்கிறது. சேர்ந்திருந்தால் கூச்சல் போடுகிறதென்று பன்னிரண்டு துண்டாக்கித் தனித்தனி அறையில் பூட்டியிருக்கிறோம். வித்வானுக்குக் கேட்பது கைதியின் முனகல்."

ராஜா ஒவ்வொரு தந்தியிலும் காதை வைத்துப் பார்த்தார். முனகல்கூடக் கேட்கவில்லை. இவ்வளவு அடக்கமான கைதியை அவர் கண்டதே இல்லை. வயிறு குலுங்கச் சிரித்து, அழகாச்சியை அந்தச் சிறைக்கு அதிகாரியாக்கினார்.

"அந்தத் துண்டுகளை வெளியே எடுக்கச் சொல்லுங்கள், மகாராஜா" என்று விடாமல் கேட்டார் நாதமாணிக்கம்.

ராஜாவின் சிரிப்பு நின்றது. "கைதியைத் தப்பவிடச் சொல்கிறீரா? அதற்கு நீர் என்ன உறவு?"

நாதமாணிக்கம் மெல்ல உட்கார்ந்தார்.

"சுருதி சுத்தம், மகாராஜா."