அடித்தட்டில் இருந்த பொதி

உப்புக்குப் பொன் கொடுத்த காலம் ஒன்று இருந்தது, கேளுங்கள். அந்தக் காலத்தில் கடலோரத்தில் ஓர் ஊர். ஊரில் எல்லோருக்கும் உப்பளம் உண்டு. விளைந்த உப்பை ஓலைப் பொதிகளில் கட்டுவார்கள். இருபது வண்டிகளில் ஏற்றுவார்கள். மலைநாட்டுச் சந்தைக்கு ஓட்டுவார்கள்.

வழியில் ஓர் ஆறு. ஆற்றின் நடுவே ஒரு கரும்பாறை. பாறையின் முதுகு தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் நீர் வண்டித்தட்டைத் தொடும். உப்பு கரையும். இன்னும் ஏறினால் மாடும் போகும், ஆளும் போவான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டிகளை நடத்திப் போகும் தலைவனுக்குக் கூலி காசு இல்லை. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பொதி அவனுடையது. அந்தப் பொதி எப்போதும் அடித்தட்டில்தான் கிடக்க வேண்டும். அதன் மேல்தான் ஊராரின் பொதிகள்.

அப்போது தலைவனாக இருந்தவன் வேம்பன். ஆற்றங்கரையில் பாறை தெரியவில்லை என்றால் ஒரு நாள் காத்திருப்பான். இரண்டு நாள் காத்திருப்பான். மூன்றாம் நாளும் காத்திருப்பான். இளவட்டங்களுக்குப் பொறுக்காது.

"பெரியவரே, உங்கள் பொதி நனைந்துவிடும் என்றுதானே உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று கேலி செய்வார்கள்.

"ஆமாம்" என்பான் வேம்பன். "என் பொதி கரைந்த பிறகுதானே உங்கள் பொதிக்குத் தண்ணீர் வரும்."

மாடு வாங்க எப்போதாவது கடன் தேவைப்படும். பொன் வணிகர் வருவார். பேச மாட்டார். வண்டியில் மேல் பொதிகளை விலக்கி, அடித்தட்டில் தலைவன் முடிச்சுப் போட்ட பொதி கிடக்கிறதா என்று பார்ப்பார். கிடந்தால் கொடுப்பார். அவ்வளவுதான் அந்தக் காலத்து ஆவணம்.

வேம்பன் இறந்தான். கொற்றன் தலைவனானான். நல்ல உயரம், நல்ல பேச்சு. அந்தப் பேச்சைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"என் பொதி அடியில் கிடந்து உங்கள் இடத்தை ஏன் அடைக்க வேண்டும்? எடுத்துவிடுங்கள். வண்டிக்கு ஒரு பொற்காசு, கிளம்பும்போதே என் கையில் கொடுத்துவிடுங்கள். மிஞ்சும் இடத்தில் உங்கள் உப்பை ஏற்றுங்கள்" என்றான்.

ஊருக்கு இனித்தது. வண்டிக்கு ஒரு பொதி மிச்சம் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள். தலைவனின் பொதியை இறக்கினார்கள்.

வண்டிக்கு ஒரு காசு என்றால், வண்டி கூடினால் காசு கூடும் அல்லவா? முதல் ஆண்டு கொற்றன் ஊர் பெயரில் கடன் வாங்கினான். இருபது வண்டி முப்பதானது. பாறையின் முதுகு தெரிந்தது. கடந்தார்கள்.

இரண்டாம் ஆண்டு இன்னும் வாங்கினான். முப்பது நாற்பத்தைந்தானது. பாறையின் உச்சி மட்டும் தெரிந்தது. தட்டு நனைந்தது, எப்படியோ கடந்தார்கள். சந்தையில் உப்பு குவிந்து விலை இறங்கிப்போனது. விற்ற பொன் வட்டிக்கே சரியாயிருந்தது. கொற்றனின் நாற்பத்தைந்து காசு மட்டும் குறையவில்லை. அது கிளம்பும்போதே அவன் இடுப்புக்குப் போய்விட்டதே.

மூன்றாம் ஆண்டு ஊரின் அளங்கள் அத்தனையையும் ஈடு வைத்தான். வண்டி அறுபதானது. இந்த முறை பொன் வணிகர் எந்தப் பொதியையும் விலக்கிப் பார்க்கவில்லை. அளம் கையில் இருக்கும்போது அடித்தட்டைப் பார்ப்பானேன்?

பௌர்ணமிக்குள் தவணை. ஆற்றங்கரைக்கு வந்தார்கள். பாறையையே காணோம். தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது.

முதல் வண்டி பூதனுடையது. அவன் மனைவி வெண்ணி கூடவே நடந்து வந்திருந்தாள். அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு அளம். அதுவும் ஈட்டில் இருந்தது.

"அண்ணே, பாறை தெரியவில்லையே" என்றாள் வெண்ணி.

"பாறைக்குத் தவணை கிடையாது, தங்கச்சி. நமக்கு உண்டு" என்றான் கொற்றன். சிலர் சிரித்தார்கள்.

"சரி அண்ணே. உங்கள் இடுப்பில் இருக்கும் காசுப் பையை எங்கள் வண்டியின் அடித்தட்டில் கட்டிவிடுங்கள். நாங்கள் இறங்குகிறோம்."

"அது என் கூலி. அதை ஏன் ஆற்றில் இறக்க வேண்டும்?"

"பொன் கரையாது அண்ணே. வண்டி ஆற்றோடு போனால்தான் பொன் போகும். வண்டி போகாது என்றுதானே சொல்கிறீர்கள்?"

கொற்றனின் கை இடுப்புப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. அறுபது வண்டிக்காரர்களும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

பார்த்தார்கள், புரிந்துகொண்டார்கள். அதற்கு மேல்தான் துக்கம். அப்போதே திரும்பியிருக்கலாம். திரும்பினால் அளம் போய்விடும்.

"விடு, வெண்ணி" என்றான் பூதன். "இறங்கினால் ஒருவேளை பிழைப்போம். நின்றால் நிச்சயம் போச்சு." மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தான். இறங்கினான். அவன் பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள். கொற்றன் கடைசியாக வருவதாகச் சொல்லிக் கரையிலேயே நின்றான்.

முதலில் உப்பு கரைந்தது. பிறகு மாடுகள் புரண்டன. பிறகு பூதனின் தலைப்பாகை மட்டும் கொஞ்ச தூரம் மிதந்து போனது. கரை ஏறியவர்கள் பாதிப் பேர். அன்று ஆற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது என்பார்கள்.

பொன் வணிகர் அளங்களை எடுத்துக்கொண்டார். ஊரார் தங்கள் அளத்திலேயே கூலிக்கு உப்பு வாரினார்கள். வெண்ணியும் வாரினாள். தன் பாத்தி எது என்று அவள் காலுக்குத் தெரியும். அந்த வரப்பில் மட்டும் மெதுவாக நடப்பாள்.

கொற்றன் காய்ந்த வேட்டியோடு வேறு ஊருக்குப் போனான். "எத்தனை வண்டி நடத்தியிருக்கிறாய்?" என்று அந்த ஊரார் கேட்டார்கள். "அறுபது" என்றான். பொய் இல்லை. வண்டிக்கு இரண்டு காசு பேசி வைத்துக்கொண்டார்கள்.

சில ஆண்டு கழித்து அந்த ஊர் வண்டிகள் வெண்ணியின் ஊர் வழியாகப் போயின. வண்டிக்காரன் ஒருவன் குடிக்கத் தண்ணீர் கேட்டான். வெண்ணி கொடுத்தாள்.

"தம்பி, உங்கள் தலைவர் பொதி உன் வண்டியின் அடித்தட்டில் இருக்கிறதா?" என்று கேட்டாள்.

"தலைவருக்குப் பொதி எதற்கு? அவருக்குக் காசு முன்னாலேயே கொடுத்தாயிற்று" என்று அவன் சிரித்தான்.

வெண்ணி அவனை மறித்து எல்லாவற்றையும் சொன்னாள். கடைசி வரை கேட்டான். "தவணை இருக்கிறதே, அக்கா" என்று சொல்லிவிட்டு மாட்டைத் தட்டினான். மேற்கே மலையில் மேகம் கறுத்திருந்தது. கடைசி வண்டியின் சத்தம் அடங்கும் வரை வெண்ணி காலிச் செம்போடு நின்றாள்.

கேட்டவர்களே, ஊர் பெயரில் கடன் வாங்குகிறவனின் கூலி அந்தக் கடனுக்கு அடியில் கிடந்து முதலில் நனையட்டும். கூலி நனையாதவன் பின்னால் ஆற்றில் இறங்காதீர்கள்.